நுரையை நம்பாதீர்கள்!

என் மகளின் பள்ளிச் சட்டைக்கு வெள்ளை என்பது பெயரளவில்தான். நிறம் சாம்பல், காய்ந்தால் அப்பளம் போல விறைப்பு. கழுத்தோரம் அவள் சொறிந்துகொண்டே இருந்தாள். நானும் சலவைத்தூளை இன்னொரு கரண்டி கூட்டிப் பார்த்தேன். நுரை பொங்கியதே தவிர, சட்டை மாறவில்லை.

ராமநாதபுரத்தில் இருக்கும் அத்தையிடம் தொலைபேசியில் புலம்பினேன். "உப்புத் தண்ணியா இருக்கும்மா, தூளைக் கூடப் போடு" என்றார். கூடவே, "இந்தத் தண்ணியில பருப்புகூட வேக மாட்டேங்குது" என்றும் சலித்துக்கொண்டார்.

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. ஜோகூர் பாருவில் என் வீட்டுப் பருப்பு நன்றாகவே குழைகிறதே!

அத்தை வீட்டில் ஆழ்துளைக் கிணற்று நீர். அதில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சவர்க்காரத்தைச் செயலிழக்கச் செய்யும். அங்கே தூள் கூடுதலாகத் தேவைதான். ஒரு லிட்டரில் இவற்றின் அளவு, கால்சியம் கார்பனேட் கணக்கில், 60 மில்லிகிராமுக்குள் இருந்தால் மென்னீர். 180-ஐத் தாண்டினால் மிகக் கடின நீர். நம் குழாய்களில் வருவது பெரும்பாலும் ஆற்று நீரும் அணை நீரும். மழையில் நிறைவதால் அது மென்மையானது. குறைந்த தூளே போதும்.

என் இயந்திரமோ முன்பக்கம் திறக்கும் வகை. குறைவான நீரில் துவைப்பது. துணிகள் உயர்ந்து விழுந்து உரசினால்தான் அழுக்குப் போகும். நுரை மிஞ்சினால் அது மெத்தை போல நடுவில் நின்று உரசலைத் தடுக்கும். அந்தக் கொஞ்ச நீரில் முழுதாக அலசியும் போகாது.

சந்தேகம் தீர, துவைத்த சட்டைகளைத் தூளே போடாமல் ஓட்டினேன். கண்ணாடிக்குள் நுரை! அத்தனையும் பழைய தூள். நுரை அடங்க இரண்டு முறை ஓட்ட வேண்டியிருந்தது.

இப்போது பாதித் தூள்தான் போடுகிறேன். துணியைத் திணிக்காமல், மேலே ஒரு கை நுழைய இடம் விடுகிறேன். கூடுதலாக ஒருமுறை அலசவும் விடுகிறேன். மூன்று வாரத்தில் விறைப்பு போனது. மகள் சொறிவதும் நின்றது. அக்குளின் பழைய கறை மட்டும் போகவில்லை.

மேலே திறக்கும் இயந்திரமா? துணிக்கேற்ற நீர்மட்டம் வையுங்கள். நீர் குறைந்தால் துணி புரளாது. மிகுந்தால் தூள் நீர்த்துப்போகும், உரசலும் குறையும். தண்ணீர்த் தடைக்குப் பின் குழாயில் கலங்கல் தெளியும்வரை வெள்ளைத் துணி வேண்டாம்.

உங்கள் வீட்டிலும் துவைத்த துண்டு ஒன்றைத் தூளின்றி ஓட்டிப் பாருங்கள். கண்ணாடியில் நுரை தெரிந்தால், குறைக்க வேண்டியது எது என்று தெரிந்துவிடும்.