தாவலின் இனிமை

பழைய வீடியோ விளையாட்டொன்றைப் பற்றி இச்சஞ்சிகையில் எழுதப் புகுவது வீண்பொழுதுக்குப் பந்தலிடுவதாகுமென்று அன்பர் சிலர் கருதக்கூடும். கருதுக. நாற்பதாண்டுகளுக்கு முன் ஆக்கப்பெற்ற ஒரு விளையாட்டை, அக்காலத்துப் பிறவாத மாணவர் இன்றும் விரும்பி ஆடுகின்றனரெனின், அதன் காரணம் யாதென வினவுதல் கற்றோர்க்குத் தகாத செயலன்று. இளமை நினைவே அக்காரணமென்பார் கூற்று ஈண்டுப் பொருந்தாது. நினைவே இல்லாதார்க்கு நினைவு எங்ஙனம் இன்பந்தரும்?

யாம் குறிப்பது, ஜப்பான் தேயத்துக் கியோட்டோ நகரத்து நின்டெண்டோ நிறுவனத்தார் 1985-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் வெளியிட்ட 'சூப்பர் மேரியோ பிரதர்ஸ்' என்பதனை. அதனை வகுத்தவருள் தலைநின்றோர் ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி டெசுகாவும். இசை கோஜி கோண்டோவினது. மீசையும் தொப்பியுமுடைய சிறு மனிதனொருவன் இடமிருந்து வலமாக ஓடுகின்றான். மேடைக்கு மேடை தாவுகின்றான். குழியில் வீழ்ந்தால் மடிகின்றான். எட்டு உலகங்கள், உலகொன்றுக்கு நான்காக 32 கட்டங்கள், யாவும் 40 கிலோபைட் அளவினுள் அடங்கின. இடம் போதாமையால் வானத்து மேகத்தின் வடிவத்தையே பச்சை நிறமூட்டித் தரையிற் புதராக வைத்தனர்.

ஆயினும், சிக்கனத்தையே சிறப்பெனப் புகழ யாம் ஒருப்படோம். அதே சிக்கனத்துட் பிறந்து மறைந்த விளையாட்டுக்கள் பல. அவற்றுட் பெரும்பாலன மறைந்தது நன்றே. சிறப்பு வேறிடத்துள்ளது. முதற் கட்டத்தின் தொடக்கத்தை நோக்குக. மேரியோ திரையின் இடப்பக்கத்தே நிற்கின்றான், வலப்பக்கம் வெறுமையாயுள்ளது. செல்லுந் திசை இதுவென ஒருவரும் உரையாமலே விளங்குகின்றது. சிறிது தூரத்திற் பகையொன்று நடந்து வருகின்றது. மோதினால் மடிவோம், தாவி மிதித்தால் அது மடியும். மேலே வினாக்குறியிட்ட பெட்டி மின்னுகின்றது. முட்டினால் நாணயம் வருகின்றது. மற்றொரு பெட்டியை முட்டினால் வருவதோ காளான். அது வலப்பக்கம் ஊர்ந்து, கீழே வீழ்ந்து, குழாயொன்றில் மோதித் திரும்பி நம்மை நோக்கியே வருகின்றது. பகையென அஞ்சித் தாவ முயல்வோர்க்கும் மேலுள்ள கற்கள் தடையாகும்; காளான் தீண்டுகின்றது; மேரியோ வளர்கின்றான். அச்சமே அறிவாக மாறிய அக்கணத்தை வகுத்தவன் நல்லாசிரியனல்லனோ? ஒரு சொல்லும் பேசாது கற்பிக்கும் ஆசிரியர் எத்துணைப் பேர் உளர்! (எம் வகுப்பறைகளை நினைந்து இது கூறினோமல்லேம்.)

இனித் தாவலைப் பற்றி. பொத்தானைச் சிறிது அழுத்தினாற் சிறு தாவல். நெடிது அழுத்தினால் உயர்ந்த தாவல். ஓடி வந்து தாவினாற் சேய்மைக்கண் சென்று வீழ்தல். தரையை விட்ட பின்னரும் காற்றிலே ஓரளவு திசை திருப்பலாம். உலகத்தியல்பில் அது கூடாதெனினும், கை அதனை மெய்யென்றே கொள்கின்றது. பக்கவாட்டுக் காட்சியாதலின் குழியின் அகலமும் மேடையின் உயரமும் கண்முன் தெளிவாக நிற்கின்றன. 1996-ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தாரே 'சூப்பர் மேரியோ 64' என்பதன்கண் முப்பரிமாண உலகைத் திறந்தனர், அது பேரழகுடையதே. ஆயினும், ஆங்குக் கால் எங்கே ஊன்றுமென அறியக் கீழே விழும் நிழலைப் பன்முறை நோக்க வேண்டியுள்ளது. பழையதிலோ தவறினால் தவறு நம்முடையதென உடனே அறிகின்றோம். அந்நேர்மையே மீண்டும் ஆடத் தூண்டுகின்றது. வீழ்ந்தவனிடம் பொருள் பெற்று எழுப்பிவிடும் இக்காலத்துக் கைப்பேசி விளையாட்டுக்கள் பலவற்றில் இந்நேர்மையைக் காண்கிலேம்.

குறையுமுண்டு. மூன்றுயிர் தந்து, அவை தீர்ந்தால் ஆட்டம் முடிந்ததெனும் முறை, நாணயமிட்டு ஆடிய கூடங்களின் எச்சமாகும். வீட்டிலிருந்து ஆடுவோர்க்கு அதனாற் பயனில்லையென்பது எம் துணிபு. 2018-இல் வெளிவந்த 'செலஸ்ட்' இவ்வகையைச் சேர்ந்ததே. கடுமையில் மேரியோவை விஞ்சுவது. அதில் உயிர்க்கணக்கு இல்லை. மடிந்தால் நொடிப்பொழுதில் அவ்வறையிலேயே எழுகின்றோம். மேடையின் விளிம்பைக் கால் கடந்த பின்னும், ஒரு நொடியிற் சிறு பகுதியளவு காலம் தாவ இடங்கொடுக்கின்றது. ஆடுவோருட் பெரும்பாலோர் இச்சலுகையை அறியாமலே, தாவல் தம் திறமையால் வாய்த்ததென மகிழ்கின்றனர்.