"அந்த மெஷினும் செத்துப் போகும்" என்பவர்களுக்கு

 

என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் தாய் கொழுந்து பறிப்பவர். மூன்றே மாதத்தில் இரண்டு காதும் போய்விட்டது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உட்காதைத் தாக்கும் நோய் என்று டொக்டர்மார் சொன்னார்கள். மருந்தெல்லாம் பார்த்தாயிற்று. கொக்லியர் கருவி பொருத்த ஊரில் காசு சேர்க்கிறோம். அதற்குள் ஒரு கதை கிளம்பியிருக்கிறது: "காதைத் தின்ற நோய் மெஷினையும் தின்னும். நாலு வருசத்தில் அதுவும் செத்துப் போகும். காசைத் திருப்பிக் கொடுங்கள்."

எந்த டொக்டர் சொன்னார்? கேட்டால் பதில் இல்லை.

இந்த நோய் பெரும்பாலும் அழிப்பது ஒலியை மின் சமிக்ஞையாக மாற்றும் மயிர்க்கலங்களை. கருவிக்கு அவை தேவையே இல்லை. அது செவி நரம்பை நேராகத் தூண்டுகிறது. இப்படிப்பட்டவர்களைப் பல வருடம் கவனித்த ஆய்வுகளில், அநேகர் மற்றக் காரணங்களால் கேள்வி இழந்து கருவி பொருத்திய பெரியவர்களைப் போலவே பேச்சை விளங்கிக்கொள்கிறார்கள். வருடங்கள் போனாலும் அந்தப் பலன் நிற்கிறது.

ஆபத்து தாமதத்தில்தான். அழற்சி நீண்டால் நத்தைச்சுருளுக்குள் எலும்பு வளர்ந்து, மின்வாய்க் கம்பி நுழைய இடமில்லாமல் போகலாம். பலன் குறைவது அநேகமாக அப்படிப்பட்டவர்களுக்கு. "பொறுத்துப் பார்ப்போம்" என்பவர் எதைக் கெடுக்கிறார் என்று யோசிக்கட்டும்.

"இன்னும் மருந்து குடிக்கலாமே" என்கிறார் ஒருவர். ஸ்டீரோயிட் தொடக்கத்தில் சிலருக்குக் கேள்வியை மீட்கிறது. 1979இல் மக்கேப் என்ற அமெரிக்க டொக்டர் இந்த நோயைத் தனியாக அடையாளம் காட்டியதே அப்படித்தான். (காது திடீரென அடைத்தால் சளி, அழுக்கு என்று எண்ணெய் ஊற்றி வாரக்கணக்கில் இருக்காதீர்கள். அந்த வாரங்கள் திரும்பி வராது.) ஆனால் மீண்ட கேள்வியை மெத்தோட்ரெக்செட் காக்குமா என்று பார்த்து 2003இல் வெளியான ஆய்வில், அது காக்கவில்லை.

"அது சின்னப் பிள்ளைகளுக்குத்தானே?" தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்புறுதித் திட்டம் 6 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுப்பதைக் கேள்விப்பட்டு வந்த எண்ணம் இது. பிறவியிலேயே கேளாத பிள்ளைக்கு வயது ஓடுகிறது, உண்மை. இந்தத் தாயோ நாற்பது வருடம் தமிழ் கேட்டவர்.

செலவு ஒப்பரேஷனோடு முடியாது என்பதை மறைக்கவில்லை. வெளிக்கருவிக்கு பற்றரி வேண்டும், நம் மழையிலிருந்து காக்க வேண்டும், சில வருடங்களில் மாற்ற வேண்டிவரும். ட்யூன் பண்ண ஒவ்வொரு முறையும் ஒருநாள் பேரை இழந்து பஸ் ஏற வேண்டும். சண்டை போடுவதானால் இதற்காகப் போடுவோம். அதிகாரிகளிடம் போவோம்.

காசு திருப்பித் தரப்படமாட்டாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் நிற்பேன். கணக்குக் கொப்பியும் என் கையில் இருக்கும்.