அனுமதியை 'அனுமதி' என்றே சொல்வோம்!

'கூகுள் மூலம் உள்நுழைக' என்கிறது ஒரு ஆப். தட்டினால், அடுத்த திரையில் நம்ம மெயிலைப் படிக்கவும் 'அலவ்' கேட்கிறது. நீங்கள் யார் என்று சரிபார்ப்பது வேறு. உங்கள் தகவலைத் தொட அனுமதிப்பது வேறு. 'ஓஆத்' தரநிலை இரண்டாவது வேலைக்கானது.

2007-ல் வந்த அதன் முதல் வடிவத்தில் ஆப்புக்குப் பெயர் 'கன்ஸ்யூமர்'. படிப்பவருக்கு அது பயனரைச் சொல்வதுபோல இருக்கும். 2010-ல் அது 'கிளையண்ட்' ஆனது. பயனருக்கு 'ரிசோர்ஸ் ஓனர்' என்று பெயர் வந்தது. அதாவது, உரிமையாளர் நீங்கள்தான்!

தமிழிலோ இரண்டு வேலைக்கும் 'அங்கீகாரம்' என்றே எழுதுகிறோம். இந்தக் குழப்பம் வேண்டாமே. 'அடையாளச் சரிபார்ப்பு', 'அனுமதி' என்று பிரித்தே எழுதுவோம். எதுக்கு ஓகே சொல்கிறோம் என்பது தட்டுவதற்கு முன்பே புரிய வேண்டும்.