ஒரே நாளில் ஊமையான ஸ்கைப்!

2010-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி. கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு இன்னும் 3 நாள்தான் இருந்தது.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன், ஊரில் உள்ள தாயாருடன் பேசக் கம்ப்யூட்டர் முன் உட்காரும் காலம் அது. தூர தேசத்தில் இருக்கும் தகப்பனார், குழந்தைகளின் முகத்தைத் திரையில் பார்த்துப் பூரிக்கும் காலம்.

அன்று "ஸ்கைப்" திறக்கவில்லை. திறந்தாலும் உள்ளே விடவில்லை. ஒரு ஊரில் அல்ல, ஒரு நாட்டில் அல்ல. உலகம் முழுவதும் லட்சக்கணக்கானவர்களுக்கு இதே கதி! நிலைமை சரியாவதற்கு ஏறக்குறைய 24 மணி நேரம் பிடித்தது.

கடலுக்கு அடியில் கேபிள் அறுந்து போயிற்றா? இல்லை. எதிரிகள் யாராவது சதி செய்தார்களா? அதுவும் இல்லை.

பின் ஏன் இப்படி ஆயிற்று?

எக்ஸ்சேஞ்ச் இல்லாத டெலிபோன்

ஸ்கைப் 2003-ம் ஆண்டில் பிறந்தது. ஸ்வீடன் நாட்டைச் சேர்ந்த நிக்லாஸ் ஜென்ஸ்ட்ரோம், டென்மார்க்கைச் சேர்ந்த யானுஸ் ஃப்ரீஸ் ஆகிய இருவரும் அதைத் தொடங்கினார்கள். எஸ்டோனியா என்கிற சின்னஞ்சிறு நாட்டின் நிபுணர்கள் அதற்கான புரோகிராமை எழுதினார்கள்.

ஒரு ஸ்கைப்பில் இருந்து இன்னொரு ஸ்கைப்புக்குப் பேசினால் காசு கிடையாது. எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் பேசலாம். அது எப்படிக் கட்டுப்படி ஆயிற்று?

சாதாரண டெலிபோனுக்கு எக்ஸ்சேஞ்ச் வேண்டும். கட்டிடம், யந்திரம், ஆட்கள் எல்லாம் வேண்டும். ஸ்கைப் கம்பெனி அந்தச் செலவில் பெரும் பகுதியை மிச்சம் பிடித்தது. பேசுகிறவர்களின் கம்ப்யூட்டர்களையே எக்ஸ்சேஞ்ச் ஆக்கிவிட்டது!

இதை ஒரு ஊரைக் கொண்டு புரிந்துகொள்ளலாம். ஊரில் தபால் ஆபீஸ் இல்லை. ஆனால் தெருவுக்கு ஒரு வீட்டுக்காரர் இருக்கிறார். அந்தத் தெருவில் யார் எங்கே குடியிருக்கிறார், இப்போது வீட்டில் இருக்கிறாரா என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஒருவரைத் தேடி வருகிறவர்கள் அவரைக் கேட்டால் போதும், வழி கிடைத்துவிடும்.

அந்த வீட்டுக்காரரைப் போன்ற கம்ப்யூட்டருக்கு "சூப்பர்நோடு" என்று பெயர். வேகமான இணைப்பு உள்ள கம்ப்யூட்டர்களாகப் பார்த்து, ஸ்கைப் புரோகிராமே இந்த வேலையைக் கொடுத்தது. வேடிக்கை என்னவென்றால், தன்னுடைய கம்ப்யூட்டர் ஊருக்கே வழி சொல்லிக்கொண்டு இருக்கிறது என்பது அதன் சொந்தக்காரருக்குப் பெரும்பாலும் தெரியாது!

நடுவில் வந்தது விழுந்தது

டிசம்பர் 22-ந் தேதி நடந்தது என்ன?

ஸ்கைப் கம்பெனியிடம் சொந்தமாகவும் சில கம்ப்யூட்டர்கள் உண்டு. அவற்றில் ஒரு தொகுதி, ஆள் இல்லாத நேரத்தில் வரும் எழுத்துச் செய்திகளை வாங்கி வைப்பதற்கானது. அன்று அந்தத் தொகுதிக்கு வேலை அதிகமாயிற்று. பதில்கள் தாமதமாக வந்தன.

தாமதம் ஒரு பெரிய குற்றம் அல்ல. ஆனால் "விண்டோஸ்" கம்ப்யூட்டர்களுக்கான ஸ்கைப்பில் 5.0.0.152 என்கிற ஒரு பதிப்புக்கு, தாமதமாக வரும் பதிலைக் கையாளத் தெரியவில்லை. அது அப்படியே செயலிழந்து நின்றது.

அதற்கு முந்தைய 4.0 பதிப்புகள் தப்பின. பிறகு வந்த 5.0.0.156-ம் தப்பியது. அதில் அந்தக் குறை ஏற்கனவே நீக்கப்பட்டிருந்தது! மருந்து தயாராகத்தான் இருந்தது. நோயாளிகளுக்குப் போய்ச் சேரவில்லை.

ஸ்கைப் வைத்திருந்த 100 பேரில் ஏறக்குறைய 50 பேரிடம் அந்தக் குறையுள்ள பதிப்பு இருந்தது. அந்த 50 பேரில் சுமார் 20 பேருடைய ஸ்கைப் விழுந்தது. மற்ற 80 பேர் பேசியிருக்கலாமே?

முடியவில்லை. விழுந்தவற்றில் சூப்பர்நோடுகளும் இருந்தன. மொத்தச் சூப்பர்நோடுகளில் 100-க்கு 25 முதல் 30 வரை போய்விட்டன.

எல்லோரும் ஒரே கதவைத் தட்டினார்கள்

ஸ்கைப் நின்றுபோனால் ஜனங்கள் என்ன செய்வார்கள்? மீண்டும் திறப்பார்கள். அதைத்தான் செய்தார்கள். திறந்த ஒவ்வொரு ஸ்கைப்பும் "எனக்கு வழி சொல்" என்று மிச்சம் இருந்த சூப்பர்நோடுகளைத் தேடி ஓடியது. அந்த நேரத்தில் வழக்கமாக வருவதைப் போல் 100 மடங்கு வரை கூட்டம் வந்து மோதியது!

ஊர் உதாரணத்தையே மறுபடியும் பாருங்கள். 4 வீட்டுக்காரர்களில் ஒருவர் கதவைச் சாத்திவிட்டார். அவரிடம் போகிற கூட்டம் மற்ற 3 பேர் வாசலுக்கு வந்தது. கூச்சல் பொறுக்காமல் இன்னொருவரும் சாத்தினார். பாக்கி 2 பேரின் பாடு என்ன?

சூப்பர்நோடுகளுக்கு ஒரு பாதுகாப்பு ஏற்பாடு உண்டு. பளு அளவுக்கு மீறினால் அவை தாமாகவே விலகிக்கொள்ளும். அந்த ஏற்பாட்டைக் குறை சொல்ல முடியாது. அடுத்தவர் பேசுவதற்காக ஒருவருடைய சொந்தக் கம்ப்யூட்டர் திணறக் கூடாது அல்லவா? தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் செய்தது நியாயம். எல்லாம் சேர்ந்து செய்தபோது ஊரே இருண்டுவிட்டது.

நிபுணர்கள் அவசரமாகக் கம்பெனியின் சொந்தக் கம்ப்யூட்டர்களைச் சூப்பர்நோடுகளாக மாற்றி இறக்கினார்கள். முதலில் பல நூறு. அது போதவில்லை. இரவோடு இரவாக மேலும் பல ஆயிரம்! பலர் கூடி முகம் பார்த்துப் பேசும் வசதிக்காக வைத்திருந்த சாதனங்களைக்கூட இதற்குத் திருப்பினார்கள். மறுநாள் ஸ்கைப்புக்கு மூச்சு வந்தது.

இதற்கு முன்பும், பின்பும்

இது முதல் தடவை அல்ல. 2007-ம் ஆண்டு ஆகஸ்டு 16-ந் தேதியும் ஸ்கைப் படுத்தது. அப்போது சுமார் 2 நாள் ஆயிற்று.

அந்த வாரம் மைக்ரோசாப்ட் கம்பெனி வழக்கம்போல் விண்டோஸுக்கான திருத்தங்களை அனுப்பியது. அவற்றைப் பெற்ற ஏராளமான கம்ப்யூட்டர்கள் கொஞ்ச நேரத்துக்குள் அணைந்து மீண்டும் எழுந்தன. எழுந்த கையோடு எல்லா ஸ்கைப்பும் உள்ளே நுழைய முண்டியடித்தன. குற்றம் மைக்ரோசாப்டுடையது அல்ல, தங்கள் புரோகிராமில் இருந்த பிழைதான் என்று ஸ்கைப் ஒப்புக்கொண்டது.

2011-ம் ஆண்டில் அதே மைக்ரோசாப்ட் 850 கோடி டாலருக்கு ஸ்கைப்பை வாங்க ஒப்பந்தம் செய்தது! 2012-ல் சூப்பர்நோடு வேலையைத் தன் சொந்தக் கம்ப்யூட்டர்களுக்கு மாற்றியது. தெருவுக்கு ஒரு வீட்டுக்காரர் என்பது போய், பெரிய ஆபீஸ் வந்தது.

அத்தோடு தொல்லை தீர்ந்ததா? 2015-ம் ஆண்டு செப்டம்பர் 21-ந் தேதி ஸ்கைப் மறுபடியும் தடுமாறியது. ஏற்பாடுகளில் வழக்கத்தை விடப் பெரிய மாற்றம் ஒன்றைச் செய்தார்கள். சில பதிப்புகளுக்கு அது பிடிபடவில்லை, இணைப்பை விட்டன. விட்டவை ஒரே சமயத்தில் திரும்பி வர முயன்றதும், பழையபடி நெரிசல்!

ஆக 3 தடவையும் முதல் தீப்பொறி வேறு வேறு. ஒரு தடவை திருத்தம், ஒரு தடவை தாமதம், ஒரு தடவை மாற்றம். எல்லாம் சிறிய காரியங்கள். ஆளை வீழ்த்தியது, எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பி வந்த கூட்டம்தான். இதற்கு எளிய தடுப்பு ஒன்று உண்டு. இணைப்புப் போன கம்ப்யூட்டர் உடனே கதவைத் தட்டாமல் சிறிது பொறுக்க வேண்டும். ஒன்று 5 விநாடி, இன்னொன்று 40 விநாடி, மற்றொன்று 2 நிமிடம் என்று, முன்கூட்டியே சொல்ல முடியாதபடி காத்திருக்க வேண்டும். கிடைக்காவிட்டால் காத்திருப்பதை இரண்டு மடங்கு ஆக்க வேண்டும். இப்போது நன்றாக எழுதப்படும் புரோகிராம்களில் இந்த ஏற்பாடு இருக்கிறது.

அவசரத்துக்குப் போலீசையோ ஆம்புலன்சையோ அழைக்க ஸ்கைப்பை நம்ப வேண்டாம், அது சாதாரண டெலிபோனுக்கு மாற்று அல்ல என்று அந்தக் கம்பெனியே எச்சரித்து வந்தது. காசில்லாமல் பேசிப் பழகிய எத்தனை பேர் அந்த எச்சரிக்கையைப் படித்திருப்பார்கள்?

2025-ம் ஆண்டு மே 5-ந் தேதி ஸ்கைப்பை மைக்ரோசாப்ட் மூடிவிட்டது. அதற்குக் காரணம் கோளாறு அல்ல. அதே கம்பெனி "டீம்ஸ்" என்கிற வேறொரு சாதனத்தை நடத்தி வருகிறது. பழைய ஸ்கைப் பெயரையும் ரகசியச் சொல்லையும் கொண்டே அதில் நுழையலாம் என்று வாடிக்கைக்காரர்களுக்கு அறிவித்தது.