படுத்துக்கொள்வதும் பள்ளிகொள்வதும்

ஸ்பானிய மொழி கற்கப் புகுவோர் முதல் சில வாரங்களிலேயே தடுக்கி விழும் இடம் ஒன்றுண்டு. 'அகோஸ்தார்சே' என்னும் வினை, பொருள், படுத்தல். 'படுக்கிறேன்' என்று நிகழ்காலத்தில் சொல்ல வேண்டுமானால் 'மே அகுவேஸ்தோ' என்று சொல்ல வேண்டும். முன்னால் 'என்னை' என்று பொருள்படும் 'மே' வந்து நிற்கிறது. வினைக்குள் இருந்த 'ஓ' 'உவே' எனத் திரிந்துவிடுகிறது. நெரூதாவையும் போர்ஹேஸையும் அவர்கள் எழுதிய மொழியிலேயே படித்துவிடும் ஆசையில், கிருஷ்ணன்கோவிலில் அகராதியும் கையுமாக அமர்ந்த எங்கள் சிலருக்கும் இதுவே முதல் தடையாக இருந்தது.

எங்களுக்குக் கிடைத்த கையேடுகள் அனைத்தும் ஆங்கிலத்தின் வழியே பேசின. ஆங்கிலத்தில் இத்தகைய வினைக்கு நேரான வடிவம் இல்லாததால், 'நான் என்னைக் கிடத்துகிறேன்' என்பதுபோல் ஒரு விளக்கம் தந்து, இது ஸ்பானியரின் விசித்திரம் என்ற தொனியில் அடுத்த பாடத்துக்குப் போய்விடும். நாங்களும் விசித்திரம் என்றே நம்பினோம். நம் வீட்டிலேயே இருக்கும் பொருளை ஆங்கிலேயன் வீட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து வியந்த கதை இது.

கிருஷ்ணன்கோவிலிலிருந்து சிறிது தூரத்தில், ஸ்ரீவில்லிபுத்தூரில், வடபத்ரசாயி பள்ளிகொண்டிருக்கிறார். 'பள்ளிகொள்' என்பதில் உள்ள 'கொள்' தன் சொந்தப் பொருளில் நிற்பது: படுக்கையை ஏற்றல். அதே 'கொள்' தேய்ந்து துணைவினையாகி, செயலின் பயன் செய்பவனையே சேர்வதைக் காட்டுகிறபோது 'படுத்துக்கொள்கிறேன்' கிடைக்கிறது. 'மே அகுவேஸ்தோ'வுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எந்தக் கையேட்டில் இருக்கிறது? இன்னும் சற்று மேற்கே இராஜபாளையத்துக்குப் போனால், வீட்டில் தெலுங்கு பேசும் ராஜுக்கள் குழந்தையிடம் 'படுக்கோ' என்பார்கள். தமிழ்த் தாய் 'படுத்துக்கோ' என்பாள். உட்காருவதற்கும் தெலுங்கில் 'கூர்ச்சொனு' என்று நம் 'கொள்'ளின் உடன்பிறப்பே வருகிறது. இந்தச் சாலையோரத்தில் பிறந்தவனுக்கு ஸ்பானியத் தற்சுட்டு வினை அந்நியமே அல்ல.

'போனேர்' என்றால் போடு. 'போனேர்சே' என்றால் போட்டுக்கொள். 'மே போங்கோ லா கமீசா': சட்டையைப் போட்டுக்கொள்கிறேன். ('போங்கோ' என்ற திரிபு தன்மை ஒருமைக்கு மட்டும், முன்னிலையில் 'போனேஸ்' என்று ஒழுங்குக்குத் திரும்பிவிடும்.) 'மே லாவோ லாஸ் மானோஸ்': கைகளைக் கழுவிக்கொள்கிறேன். ஆங்கிலத்தில் 'என் கைகளை' என்று உரிமை கொண்டாடியாக வேண்டும். ஸ்பானியத்துக்கு அது தேவையில்லை, 'மே' போதும். தமிழுக்கும் தேவையில்லை, 'கொள்' போதும்.

ஆனால் எல்லா இடத்திலும் 'கொள்' ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணிவிடக்கூடாது. 'அகோஸ்தார்' என்ற மூல வினைக்குப் பொருள் படுக்கவைத்தல். விலாவைக் குறிக்கும் 'கோஸ்தா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. விலாப்புறம் சாய்த்தல் என்று கொள்ளலாம். ஸ்பானியம் பிறவினையிலிருந்து தொடங்கி, 'சே' சேர்த்துத் தன்வினை செய்கிறது. தமிழ் தன்வினையிலிருந்து தொடங்கிப் பிறவினை செய்கிறது: படு, படுக்கவை, எழு, எழுப்பு, உட்கார், உட்காரவை. ஆகவே 'மே'யை விட்டுவிட்டு 'அகுவேஸ்தோ' என்று மட்டும் சொல்பவர், யாரையோ படுக்கவைக்கிறார். யாரை என்று கேட்பவர் காத்திருப்பார். 'துவெர்மோ' தூங்குகிறேன், 'மே துவெர்மோ' என்பதோ தூங்கிவிடுகிறேன், கண் அசந்துவிடுகிறது. 'மே வோய்' கிளம்பிவிடுகிறேன். இங்கெல்லாம் நம்மிடம் 'விடு' இருக்கிறது. 'கொள்' எங்கே, 'விடு' எங்கே என்பதைத் தமிழ்க் காது தானே சொல்லும். ஆங்கில உரை சொல்லாது.

உயிரெழுத்துத் திரிபுக்கும் ஒரு நியாயம் உண்டு. அழுத்தம் அடியின் மேல் விழும்போது மட்டுமே 'ஓ' பிளந்து 'உவே' ஆகிறது. அகுவேஸ்தோ, அகுவேஸ்தாஸ், அகுவேஸ்தா, அகுவேஸ்தான். அழுத்தம் விகுதிக்கு நகர்ந்துவிடும் 'நோஸ் அகோஸ்தாமோஸ்' (படுத்துக்கொள்கிறோம்) என்பதில் திரிபு இல்லை. அர்ஜென்டினாவில் 'நீ'க்கு வழங்கும் 'வோஸ்' வடிவத்திலும் அழுத்தம் கடைசியில் என்பதால் 'தே அகோஸ்தாஸ்' என்றே நிற்கும். 'ஒழுங்கற்ற வினை' என்று சலித்துக்கொள்ளுமுன் நம் 'கொள்'ளையும் பார்க்க வேண்டும். எழுத்தில் 'படுத்துக்கொள்கிறேன்'; பேச்சில் 'படுத்துக்கிறேன்'; நெல்லைப் பக்கம் 'படுத்துக்கிடுதேன்'; இறந்தகாலத்தில் 'கொண்டேன்' போய் 'கிட்டேன்'. தமிழ் கற்க வரும் ஸ்பானியர் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்!

இதை ஒரு இலக்கணப் பொழுதுபோக்காக நாங்கள் எழுதவில்லை. லத்தீன் அமெரிக்க எழுத்து பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகவே தமிழுக்கு வந்தது. வந்தவற்றுக்கு நாம் நன்றிக்கடன் பட்டவர்களே. ஆனால் அவ்வழியே வேறொன்றும் வந்தது: 'அவன் தன்னை நாற்காலியில் அமர்த்தினான்', 'அவள் தன்னைக் கட்டிலில் கிடத்தினாள்' போன்ற வாக்கியங்கள். மூலத்தில் உட்கார்ந்தான், படுத்துக்கொண்டாள் என்ற அளவில் மிகச் சாதாரணமாக இருந்திருக்கும். இடையில் ஆங்கிலம் ஒரு 'தன்னை'யைச் செருக, தமிழ் அதை அப்படியே சுமக்கிறது. இவ்வகை நடையே உலக இலக்கியத்தின் நடை என்று மயங்கி, மொழிபெயர்ப்பல்லாத நம் கதைகளிலும் சிலர் தங்களைத் தாங்களே அமர்த்திக்கொண்டிருக்கிறார்கள். தமிழ் வழி ஸ்பானிய இலக்கணம் ஒன்று, ஐம்பது பக்கமே ஆனாலும், எழுதப்பட வேண்டும் என்பது எங்கள் கட்சி. அதில் 'சே' பற்றிய இயல், 'கொள்' என்ற சொல்லிலிருந்து தொடங்கட்டும். அருகிலேயே தெலுங்குக்கும் ஒரு பத்தி இடம் விடட்டும்.

அந்த இயலில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். 'மே சியேந்தோ' என்றால் உட்கார்கிறேன். உணர்கிறேன் என்றாலும் அதே 'மே சியேந்தோ'தான். பன்மையில் உட்கார்கிறோம் 'நோஸ் செந்தாமோஸ்', உணர்கிறோம் 'நோஸ் செந்திமோஸ்' என்று பிரிந்துவிடும். ஒருமையில், அடுத்த சொல் வரும்வரை, கவிஞர் நாற்காலியில் இருக்கிறாரா துயரத்தில் இருக்கிறாரா என்று தெரியாது.