மெடல் சரி, வைத்தியச் செலவு?



2019 மார்ச் 15 அன்று கிறைஸ்ட்சேர்ச்சில் ஒரு வெள்ளை இனவெறியன் இரண்டு பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றான். கார்ட் மெஷினைத் தூக்கி எறிந்து அவனைத் துரத்திய அப்துல் அஸீஸ், நேரே அவன்மேல் பாய்ந்து உயிர்விட்ட நயீம் ரஷீத் இருவருக்கும் 2022இல் நியூசிலாந்து கிராஸ் அறிவித்தார்கள். கொடுக்கத்தான் வேணும்.

செத்தவர்போல அசையாமல் கிடந்து தப்பினவருக்கும் மெடலா எண்டு கேட்டால், எங்கட பதில்: தேவையில்லை. உயிர் தப்பினதுக்கு ஒருத்தரும் வீரச் சான்று காட்ட வேண்டாம். நித்திரை வராத இரவுகளுக்கு வைத்தியம் வேணும். ஆனால் உடம்பில காயமில்லாமல் கண்ணால் கண்டவர்களின் மனக்காயம் அந்நாட்டு விபத்து இழப்பீட்டுத் திட்டத்துக்குள் பெரும்பாலும் வராது. திட்டத்தை அவர்களுக்கும் விரிவாக்கும் யோசனையை 2019இலேயே அமைச்சரவை தள்ளிவிட்டது. மெடல் மலிவு, சிகிச்சைக்குத்தான் காசு போகும்! விருது விழாவில் கைதட்டுறவை இந்தக் கணக்கையும் கேக்கவேணும்.