அழுத பிள்ளைக்கு மட்டும்தான் பாலா?

பனிக்காலத்தில் ஒரு கிழமையேனும் வெயிலைக் காண விரும்பிக் கான்கூனுக்கோ கியூபாவுக்கோ பறப்பது ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இன்று புதினமன்று. விமானம், விடுதி, உணவு யாவும் ஒரே விலைக்குள் அடங்கிய 'பக்கேஜ்' பயணம் அது. இரவு வேலையும் மேலதிக நேர வேலையும் செய்து பெற்றோர் சேர்த்த பணம் அதற்குள் இருக்கிறது. விமானம் ரத்தானால் அப்பணம் யாருக்குரியது? பயணிக்குரியது என்கிறது சட்டம். கேட்டவருக்கு மட்டுமே என்கிறது நடைமுறை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பள்ளத்தில்தான் விமான நிறுவனங்கள் இலாபம் காண்கின்றன.

2020 ஆம் ஆண்டை மறந்துவிடலாகாது. பெருந்தொற்றால் விமானங்கள் நின்றபோது நிறுவனங்கள் பணத்தைத் திருப்பாமல் வவுச்சர்களை நீட்டின. பயணிகளைக் காக்க வேண்டிய கனடியப் போக்குவரத்து முகமையகமோ, வவுச்சர் வழங்குவது பொருத்தமாயிருக்கலாம் என மார்ச் 25 அன்று அறிக்கை விடுத்தது. கட்டுப்படுத்தும் தீர்ப்பாக இல்லாத அவ்வறிக்கையை நிறுவனங்கள் கேடயமாக்கிக் கொண்டன. ஓராண்டுக்கு மேல் கழிந்து, 2021 ஏப்ரலில் அரசு எயார் டிரான்சற்றுக்கு 700 மில்லியன் டொலர் வரை கடனுதவி அறிவித்தது. அதில் 310 மில்லியன் பயணிகளுக்குப் பணம் திருப்புவதற்கே ஒதுக்கப்பட்டது. அதாவது, மக்களின் பணத்தை மக்களுக்குத் திருப்பிக் கொடுக்க மக்களின் வரிப்பணமே கடனாக வழங்கப்பட்டது! இதற்குப் பெயர் நுகர்வோர் பாதுகாப்பா?

அடுத்து 2022 டிசம்பர். சன்விங் நிறுவனம் பனிக்கால ஆசனங்களை விற்றுத் தீர்த்தது. வெளிநாட்டு விமானிகளைத் தருவிக்க அது எதிர்பார்த்த அனுமதியோ கிடைக்கவில்லை. நத்தார் காலத்தில் விமானங்கள் ரத்தாகின. மெக்சிக்கோவில் பயணிகள் நாட்கணக்கில் தவித்தனர். 2023 ஜனவரியில் நாடாளுமன்றக் குழுவின் முன் நிறுவனம் மன்னிப்புக் கோரியது. 2025 இல் அந்நிறுவனம் வெஸ்ட்ஜெட்டுடன் முற்றாக இணைக்கப்பட்டுவிட்டது. பெயர் மறைந்தாலும் பாடம் மறையவில்லை: பறப்பதற்கு ஆள் உறுதியாகுமுன்னரே ஆசனத்தை விற்பது இயற்கையின் சீற்றமன்று, நிர்வாகத்தின் தெரிவு.

சட்டம் கூறுவது என்ன? 2019 இல் நடைமுறைக்கு வந்த விமானப் பயணிகள் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளின்படி, நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்குள் அடங்கியதும் பாதுகாப்புக் காரணம் சாராததுமான ரத்து, புறப்பாட்டுக்கு 14 நாட்களுக்குள் அறிவிக்கப்பட்டால் நட்டஈடு உண்டு. சென்றடையும் தாமதம் 3 மணி நேரத்தைத் தொட்டால் பெரிய நிறுவனம் 400 டொலரும், 6 மணியைத் தொட்டால் 700 டொலரும், 9 மணியைத் தொட்டால் 1,000 டொலரும் ஒவ்வொருவருக்கும் வழங்க வேண்டும். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு அது 4,000 டொலர் வரை செல்லும். பணியாளர் பற்றாக்குறை பொதுவாக நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்குள் அடங்கும் என 2022 யூலையில் முகமையகமே தீர்மானித்தது. புயலே காரணமாயினும், 48 மணி நேரத்துக்குள் மாற்று ஆசனம் தர இயலாவிடின் பயணி பணத்தைத் திரும்பப் பெறலாம் என்ற விதி 2022 செப்டெம்பரில் சேர்ந்தது. இவ்விதிகளை முறியடிக்க விமான நிறுவனங்கள் தொடுத்த வழக்கையும் 2024 ஒக்டோபரில் கனடிய உச்ச நீதிமன்றம் நிராகரித்தது.

எனினும் நட்டஈடு தானாக வந்து சேர்வதில்லை. பயணி ஓராண்டுக்குள் எழுத்து மூலம் கோர வேண்டும். நிறுவனம் மறுத்தால் முகமையகத்திடம் முறையிட வேண்டும். அங்கோ 2024 இல் 70,000 க்கும் மேற்பட்ட முறைப்பாடுகள் தேங்கிக் கிடந்தன. பயணியின் பெயர், கடனட்டை இலக்கம், விமானம் தரையிறங்கிய நிமிடம் ஆகிய அனைத்தும் நிறுவனத்தின் கணினியில் உண்டு. பயணப்பொதிக்கான கட்டணத்தை நொடியில் அறவிடும் அக்கணினிக்கு நட்டஈட்டைச் செலுத்தத் தெரியாதாம்! அழுத பிள்ளைக்கே பால் என்பது பழமொழியாக இருக்கலாம், ஒரு நாட்டின் சட்டமாக இருக்கலாகாது. கோராமலே நட்டஈடு வழங்கும் விதியே தேவை.

குறை ஒரு பக்கம் மட்டுமன்று. "தெரிந்த பொடியன்தானே" என்று பதிவற்றவரிடம் பற்றுச்சீட்டின்றிக் காசாகப் பணம் கொடுக்கும் வழக்கம் தமிழரிடையே இன்னும் நீங்கவில்லை. 2009 ஏப்ரலில் ரொறன்ரோவின் கொன்குவெஸ்ற் வக்கேசன்ஸ் திடீரென மூடப்பட்டபோது, ஏற்கெனவே பணம் கட்டியவர்களிடமே வெளிநாட்டு விடுதிகள் மீண்டும் பணம் கேட்டன. அத்தகைய வேளையில் கைகொடுப்பது ஒன்ராறியோவின் ரைக்கோ நட்டஈட்டு நிதியம், ஒருவருக்கு 5,000 டொலர் வரை. ஆயினும் பதிவு பெற்ற ஒன்ராறியோ முகவரிடம் வாங்கியவருக்கே அது உரியது. சில டொலர்களை மிச்சப்படுத்தப் போய் முழுப் பாதுகாப்பையும் இழப்பது எவ்வகைச் சிக்கனம்?

இங்கு இளையோரின் கடமை பெரிது. ஆங்கிலக் கடிதத்துக்கு அஞ்சிப் பெற்றோர் ஒதுங்கும் வேளையில், பிள்ளைகள் பற்றுச்சீட்டையும் ரத்து அறிவித்தலையும் சேர்த்து வைத்துக் கோரிக்கையை எழுத வேண்டும். பயணியின் எழுத்து மூல ஒப்புதலின்றிப் பணத்துக்குப் பதிலாக வவுச்சரைத் திணிக்க நிறுவனத்துக்கு உரிமையில்லை என்பதை எடுத்துரைக்க வேண்டும். மறுக்கப்பட்டால் சிறு கோரிக்கை நீதிமன்றத்தின் கதவும் திறந்தே உள்ளது. அத்துடன், வாக்குக் கேட்டு வாசலுக்கு வரும் நாடாளுமன்ற உறுப்பினரிடம் ஒரேயொரு கேள்வியை வைக்க வேண்டும்: "எமக்குரிய பணத்துக்கு நாம் ஏன் அழ வேண்டும்?"

கோரப்படாத உரிமை, நிறுவனத்துக்கு அளிக்கப்படும் நன்கொடை. உழைத்துச் சேர்த்த மக்கள் அத்தகைய நன்கொடையை இனியும் வழங்கத் தேவையில்லை.